எல்லையின் இரு பக்கமும் நிலம்: பெற்றோர் மறைந்தபின் சொத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்ற முழுமையான வழிகாட்டி

கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் வீடும் புரயிடமும் (மேட்டு நிலம்). கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி தாலுகாவில் தென்னந்தோப்பு. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் பக்கம் இப்படிச் சொத்து வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அப்பாவோ அம்மாவோ காலமானபின் அந்தச் சொத்தை வாரிசுகள் பெயருக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே இங்கே.

வரிசை இதுதான்: இறப்புச் சான்று, பெயர்த் திருத்தம், உயில் தேடல், வாரிசுச் சான்று, பங்குக் கணக்கு, பத்திரம், கடைசியாகப் போக்குவரவும் (கேரளத்தில் நில வரிக் கணக்கைப் புதியவர் பெயருக்கு மாற்றுவது) பட்டாவும். பெரும்பாலானோர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். நேரே வில்லேஜ் ஆபீஸுக்குப் போய்ப் போக்குவரவு கேட்பார்கள். அங்கிருந்து முதல் படிக்கே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

வாரிசுகள் யார் என்பது இரு மாநிலத்துக்கும் பொதுவான ஒரே கேள்வி. நிலம் மட்டும் தனித்தனி ஃபைல். முதல் நாளிலிருந்தே இரண்டு ஃபைல் போட்டுவிடுங்கள்.

1. முதலில் சேகரிக்க வேண்டியவை

கேரள ஃபைலில்: ஆதாரம் (நிலப் பத்திரத்துக்குக் கேரளப் பெயர்), கிடைத்தால் முன்ஆதாரங்கள் (முந்தைய பத்திரங்கள்), நடப்பு ஆண்டின் கரம் (நில வரி) கட்டிய ரசீது, தண்டப்பேர் எண் (வில்லேஜ் ஆபீஸில் உங்கள் வரிக் கணக்கின் எண்), 30 வருஷத்துக்கான பாத்யதா சர்டிபிகேட் (வில்லங்கச் சான்று). நிலச் சீர்திருத்தத்தில் கிடைத்த நிலமானால் லேண்ட் டிரிப்யூனல் கொடுத்த பட்டயம் (உரிமைச் சான்று). பட்டயம் இன்னும் தாத்தா பெயரிலேயே கிடப்பது இந்தப் பக்கத்தில் சர்வசாதாரணம். அப்படியானால் தாத்தாவின் வாரிசுகளில் தொடங்க வேண்டும், அப்பாவின் வாரிசுகளில் அல்ல.

தமிழ்நாட்டு ஃபைலில்: மூலப் பத்திரத்தின் அசல், பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், 30 வருஷ வில்லங்கச் சான்று. அசல் தொலைந்திருந்தால் இப்போதே போலீஸில் புகார் கொடுத்து வையுங்கள். பத்திரப் பதிவின்போது சார்பதிவாளர் அசலைக் கேட்பார். அது இல்லாவிட்டால் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற போலீஸ் சான்றும் பத்திரிகை விளம்பரமும் கேட்பார்கள். இதற்கு நாள் பிடிக்கும்.

வில்லங்கம் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா வைத்த அடமானம் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கும். கடன் தீர்ந்திருந்தாலும் அடமானத்தை ரத்து செய்த பத்திரம் பதிவாகாமல் விட்டுப்போயிருக்கும்.

2. இறப்புச் சான்று: எங்கே இறந்தாரோ அங்கே

இறப்பைப் பதிவது வசிப்பிடத்தில் அல்ல, மரணம் நடந்த இடத்தில். கொழிஞ்சாம்பாறைக்காரர் கோவை ஆஸ்பத்திரியில் இறந்தால் சான்று கோவை மாநகராட்சியிலிருந்து வரும். ஊர்ப் பஞ்சாயத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது. 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதியும், ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவும் தேவைப்படும்.

ஆஸ்பத்திரி படிவத்தில் இரண்டு கட்டங்களைக் கவனியுங்கள். ஒன்று பெயர்: ஆதாரத்திலும் பட்டாவிலும் இருக்கிறபடி எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று நிரந்தர முகவரி: வாரிசுச் சான்று எந்தத் தாலுகாவில் வாங்குவது என்பது இதை வைத்தே தீர்மானமாகும். துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பதில் யாரோ ஒரு உறவினர் கோவை விலாசத்தைக் கொடுத்துவிட்டால், சித்தூர் தாலுகா ஆபீஸில் ‘இவர் இங்கே வசித்ததற்கு என்ன அத்தாட்சி’ என்ற கேள்வி எழும்.

அலுவலகம் தரும் சான்றுப் பிரதிகள் குறைந்தது பத்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாநிலம், பாங்க், இன்சூரன்ஸ், மின்வாரியம் என்று எல்லாரும் கேட்பார்கள்.

3. பெயரை ஒன்றாக்குதல்

எல்லைப் பக்கத்தில் காரியம் நின்றுபோவது அதிகமும் இங்கேதான். ஒரே மனிதர் தமிழ்நாட்டுப் பட்டாவில் ‘ஆர். பழனிசாமி’, மலையாள ஆதாரத்தில் வீட்டுப் பெயரோடு ‘ராமசாமி மகன் பழனி’, ஆதார் அட்டையில் ‘பழனிச்சாமி ராமசாமி’ என்று மூன்று பேராக இருப்பார். அதிகாரிக்கு அது மூன்று பேர்தான்.

ஒரு தாளில் பட்டியல் போடுங்கள்: ஆவணம், அதில் உள்ள பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் பெயர், விலாசம். எங்கெல்லாம் மாறுகிறது என்று அடிக்கோடிடுங்கள். கேரளத்தில் இரண்டு பெயரும் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீஸர் சான்று தருவார். அக்ஷயா மையம் (கேரளத்தின் இ-சேவை மையம்) வழியாக விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டு நிலத்துக்கு நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைக் குறிப்பும் வழக்கம்.

இதை வாரிசுச் சான்றுக்கு முன்பே முடியுங்கள். வாரிசுச் சான்றில் எந்தப் பெயர் விழுகிறதோ அதுவே பத்திரத்திலும் போக்குவரவிலும் பட்டாவிலும் தொடரும். பிந்தித் திருத்தினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். ‘என்ற’ போட்டு இரண்டு பெயரையும் சேர்த்தே சான்றில் எழுதச் சொல்வது நல்லது.

4. உயில் இருக்கிறதா என்று தேடுதல்

உயில் இருந்தால் பங்குக் கணக்கே மாறிவிடும் என்பதால் வாரிசுச் சான்றுக்கு ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள். வீட்டுப் பெட்டி, பாங்க் லாக்கர், வழக்கமாகப் போகும் ஆதாரம் எழுத்தர், குடும்ப வக்கீல் ஆகிய நாலு இடத்தில் விசாரியுங்கள். கேரள ஆவணங்களில் இது ‘ஒஸ்யத்து’ என்று இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரியாதவர்கள் அதைப் பழைய ஆதாரம் என்று நினைத்து ஒதுக்கி வைத்துவிடுவதுண்டு.

பதிவான உயிலானால், எழுதியவர் இறந்தபின் இறப்புச் சான்றைக் காட்டிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். பதியாத உயிலும் செல்லும். எழுதியவர் இறந்த பிறகும், நிறைவேற்றுபவரோ பயன்பெறுபவரோ அதைப் பதிவுக்குக் கொடுக்கலாம். அங்கே விசாரணை நடக்கும்.

உயிலின் உயிர் சாட்சிகளிடம் இருக்கிறது. தகராறு வந்து கோர்ட்டுக்குப் போனால் இரண்டு சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துகொள்ளுங்கள்.

பாலக்காடு, கோவை மாவட்ட நிலங்களுக்கு இந்துக்கள் எழுதிய உயிலுக்குப் புரொபேட் (உயில் உண்மையென்று கோர்ட் தரும் சான்று) கட்டாயமில்லை. ஆனால் ஒரு வாரிசு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் போதும், வில்லேஜ் ஆபீஸரும் தாசில்தாரும் ‘சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்’ என்றுதான் சொல்வார்கள். உயிலின் உண்மையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

5. வாரிசுச் சான்று

இறந்தவர் வழக்கமாக வசித்த தாலுகாவின் தாசில்தாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். நிலம் இருக்கும் இடம் இதற்குக் கணக்கில்லை.

கேரளத்தில் வசித்தவரானால் வில்லேஜ் ஆபீஸர் விசாரித்து அறிக்கை அனுப்புவார். அரசிதழில் அறிவிப்பு வெளியாகி, ஆட்சேபத்துக்கு 30 நாள் விட்டு, அதன்பிறகு தாசில்தார் சான்று தருவார். வில்லேஜ் ஆபீஸிலேயே கிடைக்கும் குடும்ப உறுப்பினர் சான்று சீக்கிரம் வருகிறதே என்று அதை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் பட்டா மாற்றக் கிளம்புகிறார்கள். அது வாரிசுச் சான்றுக்கு ஈடாகாது.

தமிழ்நாட்டில் வசித்தவரானால் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று போகும்.

மலையாளத்தில் வந்த சான்றைத் தமிழ்நாட்டு அலுவலகத்திலும், தமிழில் வந்ததைக் கேரள அலுவலகத்திலும் கொடுக்கும்போது நோட்டரி சான்றளித்த மொழிபெயர்ப்பை இணையுங்கள். மொழிபெயர்ப்பில் பெயரெழுத்து மாறினால் மூன்றாம் படியில் பட்ட பாடு வீணாகும். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சித்தூர் தாலுகா போன்ற மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம், வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது.

விட்டுப்போகும் வாரிசுகள் பெரும்பாலும் இவர்கள்தான்:

இறந்தவரின் தாய். இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்களோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஒரு முழுப் பங்கு உண்டு. தந்தைக்கு அந்த வரிசையில் இடமில்லை. ‘பாட்டிக்கு எதுக்குப் பங்கு’ என்று விட்டுவிட்டால், பின்னாளில் பாட்டியின் மற்ற பிள்ளைகள் அந்தப் பங்கைக் கேட்டு வருவார்கள்.

முன்பே இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும், முன்பே இறந்த மகளின் பிள்ளைகளும். அந்த மகனுக்கோ மகளுக்கோ வரவேண்டிய பங்கு இவர்களுக்குப் போகும்.

கட்டிக்கொடுத்த மகள். சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்பது சட்டத்தில் பங்கைக் குறைக்காது.

6. பங்குக் கணக்கு: எல்லை தாண்டினால் மாறுகிறது

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள்.

முதல் கேள்வி, நிலம் அப்பாவின் சொந்தச் சொத்தா, கூட்டுக் குடும்பப் பூர்வீகமா என்பது. தாத்தா வழியில் வந்ததெல்லாம் பூர்வீகம் என்று ஊரில் சொல்வோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1956 ஜூன் 17-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின் தாத்தா இறந்து, அவருடைய தனிச் சொத்து வாரிசாக அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச் சொத்து. அப்பா கிரயம் வாங்கியதும் தனிச் சொத்து. பாட்டி வழி வந்ததும் அப்படியே. இவற்றுக்கு இரு மாநிலத்திலும் ஒரே கணக்கு: மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லாருக்கும் சமம். பெரும்பாலான குடும்பங்களுக்கு இத்துடன் கணக்கு முடிந்துவிடும்.

உண்மையிலேயே கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால்தான் எல்லை குறுக்கே வரும்.

கேரளத்தில் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. மிதாக்ஷரா முறைப்படி (மகன்களுக்குப் பிறப்பாலேயே பூர்வீகத்தில் பங்கு தரும் முறை) வாழ்ந்த குடும்பங்களின் பூர்வீகச் சொத்து அன்றைய தேதியில் பாகம் ஆனதாகவே கருதப்படும். அன்று உயிரோடிருந்த ஆண் பங்காளிகளுக்கு அவரவர் பங்கு தனியாகிவிட்டது. அதன்பின் பிறந்தவருக்குப் பிறப்பால் உரிமை கிடையாது.

தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பம் ஒழியவில்லை. அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகள்களுக்கு 1989 மார்ச் 25 முதல் மாநிலத் திருத்தமும், எல்லா மகள்களுக்கும் 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தமும் பங்காளி உரிமை தந்தன. அந்தத் தேதியில் அப்பா உயிரோடிருந்தாரா என்பது பொருட்டில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவாகி முடிந்த பாகங்களைக் கலைக்க முடியாது.

ஒரு கணக்கு பார்ப்போம். தாத்தா 1952-ல் இறந்தார். பூர்வீகம் அப்பா கைக்கு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் 4 ஏக்கர், இந்தப் பக்கம் 4 ஏக்கர். அப்பாவுக்கு 1970-ல் மூத்த மகன், 1973-ல் மகள், 1980-ல் இளைய மகன். அப்பா 2023-ல் காலமானார். அம்மா இருக்கிறார், பாட்டி இல்லை.

தமிழ்நாட்டு 4 ஏக்கர்: அப்பா, இரண்டு மகன்கள், மகள் நால்வருக்கும் தலா 1 ஏக்கர். அப்பாவின் 1 ஏக்கர் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் தலா 25 சென்ட். ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 ஏக்கர் 25 சென்ட், அம்மாவுக்கு 25 சென்ட்.

கேரள 4 ஏக்கர், 1976 சட்டப்படி: அன்று இருந்த ஆண் பங்காளிகள் அப்பாவும் மூத்த மகனும் மட்டும், தலா 2 ஏக்கர். அப்பாவின் 2 ஏக்கர் நால்வருக்கும் தலா 50 சென்ட். ஆக மூத்த மகனுக்கு 2 ஏக்கர் 50 சென்ட், மற்ற மூவருக்கும் தலா 50 சென்ட்.

ஒரே குடும்பம், ஒரே பூர்வீகம், இரண்டு கணக்கு. மூத்தவர் கேரளக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார், தங்கை தமிழ்நாட்டுக் கணக்கைச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், அந்தக் கேரளச் சட்டத்தின் 3, 4 பிரிவுகள் 2005 மத்தியத் திருத்தத்தோடு முரண்படுகின்றன என்றும், 2004 டிசம்பர் 20-க்குப்பின் இறந்த தந்தையின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே மேலே சொன்ன குடும்பத்தில் 2 ஏக்கர் 50 சென்ட் தன்னுடையது என்று மூத்தவர் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ஒற்றை நீதிபதி அமர்வின் தீர்ப்பு என்பதால் மேலும் வாதாட இடமும் இருக்கிறது. இப்படி இரு பக்கமும் வாதம் இருக்கிற இடத்தில், எல்லாரும் கையெழுத்திட்ட பதிவுப் பத்திரம் ஒன்றுதான் நிம்மதி. பங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அதை வாங்கிவிடுவது லாபம்.

தாய் இறந்தால் கணக்கு வேறு. இந்துப் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சமமாகப் போகும். பிள்ளையோ பேரப்பிள்ளையோ இல்லாமல் இறந்தால், பெற்றோரிடமிருந்து வந்த சொத்து அவருடைய தந்தையின் வாரிசுகளுக்கும், கணவர் அல்லது மாமனார் வழி வந்தது கணவரின் வாரிசுகளுக்கும் திரும்பும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமின்றிச் சமம். முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு. தாயும் தந்தையும் இருந்தால் தலா ஆறில் ஒன்று.

7. பத்திரம்: எது, எங்கே

எல்லாரும் கூட்டாகவே வைத்துக்கொள்வதானால் பத்திரமே வேண்டாம். வாரிசுச் சான்றை வைத்துக் கூட்டாகப் போக்குவரவும், கூட்டுப் பட்டாவும் வாங்கலாம். விற்கவோ கடன் வாங்கவோ போகும்போது அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான்.

இடத்தைப் பிரித்துக்கொள்ள பாகப்பிரிவினைப் பத்திரம். ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம், கேரளத்தில் ஒழிமுறி. இரண்டும் கட்டாயம் பதிவாக வேண்டியவை. இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் ‘எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று தங்கை எழுதிக் கொடுத்தது செல்லாது. அப்பா உயிரோடிருந்தபோது எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் உதவாது. வாரிசாக வரலாம் என்ற எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது.

இரு மாநில நிலத்துக்கும் ஒரே பத்திரம் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். முத்திரைத் தீர்வை இரு மாநிலத்திலும் வேறு, நில விவரம் எழுதும் முறை வேறு, மொழி வேறு. கேரள நிலத்துக்கு அந்தந்த எல்லைக்குட்பட்ட சார்பதிவாளரிடம் மலையாளத்தில் ஒன்று, தமிழ்நாட்டு நிலத்துக்குத் தமிழில் ஒன்று. கேரள நிலத்தை ஒருவரும் தமிழ்நாட்டு நிலத்தை மற்றவரும் எடுத்துக்கொள்வதானால், இரண்டையும் ஒரே வாரத்தில் பதியுங்கள். ஒன்று முடிந்து மற்றது இழுத்தால், முதலில் வாங்கியவருக்கு அடுத்த பக்கம் வந்து கையெழுத்திட அவசரம் இருக்காது.

தமிழ்நாட்டில் 2023 ஜூலை 10 முதல் குடும்பத்தாருக்கிடையே பாகப்பிரிவினை, விடுதலை, தானசெட்டில்மென்ட் ஆகியவற்றுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். பாகப்பிரிவினையில் இந்த உச்சவரம்பு பங்குக்குப் பங்கு. கேரளத்தில் நிலத்துக்கு அரசு நிர்ணயித்த நியாய விலையை வைத்துத் தீர்வை. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் வரைவு எழுதும் வாரத்தில் விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவில் ஏமாறாதீர்கள். நாம் ஏக்கர், சென்ட்டில் பேசுகிறோம். கரம் ரசீதும் பட்டாவும் ஹெக்டேர், ஆரில் இருக்கும். 1 சென்ட் 40.47 சதுர மீட்டர், 1 ஆர் 100 சதுர மீட்டர். 2 ஏக்கர் 35 சென்ட் என்றால் 95 ஆர் 10 சதுர மீட்டர். பத்திரத்தில் இரண்டு அளவும் எழுதி, நாலு பக்கச் செக்குபந்தியையும் (எல்லை விவரம்) எழுதுங்கள். ரீசர்வே (மறு அளவை) முடிந்த கேரளக் கிராமங்களில் பழைய சர்வே எண்ணும் புதிய எண்ணும் இரண்டும் வேண்டும்.

வர முடியாதவர்களுக்கு: பவர் கொடுப்பவர் தாம் வசிக்கும் இடத்துச் சார்பதிவாளர் முன் பவர் பத்திரம் எழுத வேண்டும். துபாயில் இருப்பவர் இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ எழுதி அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கு வருவார். கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டும்.

18 வயது ஆகாத வாரிசு இருந்தால் நிறுத்துங்கள். கோர்ட் அனுமதியில்லாமல் தாய் கையெழுத்திட்டுப் பங்கை விட்டுக்கொடுத்தால், பிள்ளை வயதுக்கு வந்தபின் அதை ரத்து செய்யக் கேட்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் முன்அனுமதி வாங்குங்கள், அல்லது பிள்ளை பெரியவராகும் வரை கூட்டாகவே வைத்திருங்கள்.

8. கேரளப் பக்கம்: போக்குவரவு

பத்திரம் பதிவானதும், அல்லது கூட்டாக வைப்பதானால் வாரிசுச் சான்று வந்ததும், வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு. ஆதாரம், முன்ஆதாரம், வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, கடைசிக் கரம் ரசீது வேண்டும். கர பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள்.

முடிந்ததும் புதிய தண்டப்பேர் எண் கிடைக்கும். முதல் கரம் ரசீதை வாங்கி அங்கேயே நின்று பாருங்கள்: பெயர், சர்வே எண், உட்பிரிவு, அளவு, இனம். இனத்தில் ‘நிலம்’ என்று இருந்தால் அது நெல்வயல். ‘புரயிடம்’ என்றால் மேட்டு நிலம். தென்னை நின்றாலும் பதிவேட்டில் ‘நிலம்’ என்றே இருக்கும் இடங்கள் ஏராளம். 2008-ஆம் வருஷத்து நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே வீடு கட்டத் தடை வரும். தம்பி பங்குக்கு ‘நிலம்’ முழுக்கப் போய், அண்ணன் பங்குக்குப் ‘புரயிடம்’ முழுக்கப் போயிருந்தால் ஏக்கர் கணக்கில் சமமாக இருந்தும் மதிப்பில் பாதி கூடத் தேறாது. ஆகவே அடிப்படை வரிப் பதிவேட்டை ஏழாம் படிக்கு முன்பே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

போக்குவரவு உரிமையை உண்டாக்காது. வரி யார் பெயரில் கட்டுவது என்பதற்கான கணக்கு அது. விட்டுப்போன வாரிசு பத்து வருஷம் கழித்து வந்தாலும், கரம் ரசீதைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

9. தமிழ்நாட்டுப் பக்கம்: பட்டா

முழு சர்வே எண்ணும் ஒருவருக்கே போனால் உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல், சீக்கிரம் முடியும். ஒரே எண் இருவருக்குப் பிரிந்தால் சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். அளக்கும் அன்று எல்லாப் பங்காளிகளும் வரப்பில் நில்லுங்கள். கல் நட்டபின் சண்டை போடுவதைவிட நடும்போதே பேசிக்கொள்வது நல்லது.

பட்டா வந்ததும் கிணற்று மின் இணைப்பைப் பெயர் மாற்றுங்கள். விவசாய இலவச மின் இணைப்பு இறந்தவர் பெயரிலேயே கிடந்தால், மோட்டார் மாற்றவோ இடம் மாற்றவோ போகும்போது மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். பொதுக் கிணறானால் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பதைப் பாகப்பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வழித்தடமும் அப்படித்தான், பத்திர எழுத்தர் தாமாகக் கேட்க மாட்டார், நீங்கள் சொல்ல வேண்டும்.

10. பாங்க் பணம்

நாமினி பணத்தை வாங்கலாம், சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் அவர்.

நாமினி இல்லாத கணக்கில், தகராறு இல்லாதவரை, 15 லட்சம் வரை எளிய முறையில் தீர்க்க ரிசர்வ் வங்கி 2025-ல் வழிவகை செய்தது; கூட்டுறவு வங்கிக்கு 5 லட்சம். அதற்கு மேல் போனால் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டிவரலாம். இறந்தவர் வசித்த இடத்துக் கோர்ட்டில் ஒருமுறை வாங்கினால் இந்தியா முழுக்கச் செல்லும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று வேறு, இது வேறு. இது பணத்துக்கும் பங்குப் பத்திரத்துக்கும்தான், நிலத்துக்கு இதைக் கேட்டு அலையாதீர்கள்.

11. ஒத்துவராவிட்டால்

இரு மாநிலத்திலும் தனித்தனி வழக்குப் போட வேண்டியதில்லை. சொத்தின் ஒரு பகுதி எங்கே இருக்கிறதோ அந்தக் கோர்ட்டில் முழுச் சொத்துக்கும் ஒரே பாக வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. எந்தப் பக்கம் போடுவது என்பதைக் கோர்ட் கட்டணம், சாட்சிகள் இருக்கும் இடம், மூல ஆவணங்களின் மொழி மூன்றையும் வைத்து வக்கீலோடு முடிவு செய்யுங்கள். ஒரு சொத்தை விட்டுவிட்டு வழக்குப் போட்டால் அதையே எதிர்த்தரப்பு ஆட்சேபமாக எழுப்பும்.

12. இப்போது உயில் எழுதுகிறவர்களுக்கு

இரு மாநில நிலத்துக்கும் ஒரே உயில் போதும். முத்திரைத் தாள் வேண்டாம், வெள்ளைத் தாளே செல்லும். சொத்து இருக்கும் இடத்தில்தான் பதிய வேண்டும் என்ற கட்டாயமும் உயிலுக்கு இல்லை. பதிவு உங்கள் விருப்பம். பதிந்துவிடுங்கள் என்பதே என் கருத்து. பதிந்த உயில் தொலையாது, மற்றவர்கள் அதில் கைவைத்துத் திருத்தவும் முடியாது.

இரண்டு சாட்சிகள், நீங்கள் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்து, உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உங்களைவிட வயது குறைந்தவர்களாக, எல்லைக்கு இரு பக்கத்திலும் தேடினால் கிடைக்கக்கூடியவர்களாகப் பாருங்கள். சொத்து வாங்கப்போகும் மகனையோ மருமகளையோ சாட்சியாக்க வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு, சாட்சி போட்டவருக்கும் அவருடைய கணவன் மனைவிக்கும் எழுதிய சொத்து செல்லாமலே போய்விடும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும் கோர்ட்டில் சந்தேகத்துக்கு அதுவே விதை. முஸ்லிம்கள் மற்ற வாரிசுகளின் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

யாருக்காவது பங்கு இல்லை என்று எழுதுவதானால் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பெயரையே குறிப்பிடாமல் விட்டால், ஞாபகசக்தி போய்விட்டது என்று வாதாடுவார்கள். எழுபது வயது தாண்டியவரானால் அன்றைய தேதியில் டாக்டரிடம் தெளிந்த மனநிலைச் சான்று வாங்கி உயிலோடு வையுங்கள்.

கேரள நிலத்தைச் சர்வே எண், உட்பிரிவு, தண்டப்பேர் எண்ணோடும், தமிழ்நாட்டு நிலத்தைச் சர்வே எண், பட்டா எண்ணோடும் தனித்தனி அட்டவணையாக எழுதுங்கள். உயில் தமிழில் இருக்கலாம். பாலக்காட்டுக் கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால் மலையாள மொழிபெயர்ப்பு தேவைப்படும் என்பதால், ஒரு மொழிபெயர்ப்பைக் கையோடு செய்து, ‘மூலம் தமிழே’ என்று அதன் தலையில் எழுதி, இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள். உறை எங்கே இருக்கிறது என்பதை நிறைவேற்றுபவரிடமும், வெளியூரில் இருக்கும் ஒரு பிள்ளையிடமும் சொல்லுங்கள்.